லாக்ராஸுக்கு ஒரு ஆள் குறையுது

லாக்ராஸ் ஆடுனா முன்பல்லு போயிரும்னு இங்க யாராவது சொன்னாங்கன்னா நம்பிராதீங்க. அதச் சொன்னதே நான்தானுங்க.

அட, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இந்த சைக்கிள் ஷெட்ட விட்டா உங்களுக்கு வேற நெழலு கெடைக்காது. வேப்பமரத்தடி பூராவும் சேலத்துக்காரங்க ஜமக்காளம் விரிச்சாச்சு. காலைல ஆறு மணிக்கே வந்து எடம் புடிப்பாங்க, புள்ளையப் பாக்க வந்த மாதிரியா இருக்குது, திருப்பதிக்கு வந்த மாதிரி இருக்குது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமதான விசிட்டிங். பன்னண்டு மணிக்கு டெஸ்ட் முடிஞ்சு பெல் அடிப்பாங்க, அப்பறம்தான் புள்ளைங்கள வெளிய விடுவாங்க. ஞாயித்துக்கெழமையும் டெஸ்ட்டான்னு பாக்கறீங்களா? புதுசு இல்லைங்களா நீங்க. போகப் போகப் பாருங்க, தீவாளிக்கும் வெப்பாங்க.

தாராபுரத்துல இருந்தா வர்றீங்க? ஒம்பதாவதுல சேத்திருக்கறீங்க. ஒரே பொண்ணு? ஓ, வீட்ல சின்னது ஒண்ணு இருக்குதா. சரி சரி. நான் கலாமணிங்க. நாமக்கல்ல எங்களுக்குக் கோழிப்பண்ணை. எம்பொண்ணு தர்ஷிகா, பத்தாவது.

கையில என்னங்க, விளையாட்டு ஃபாரமா? அதப் போயி மடிச்சுப் பையில வெக்கறீங்களே. இந்த ஸ்கூல்ல அட்மிசன் ஃபாரம் தொலைஞ்சாக்கூடப் பரவால்லைங்க, இந்தப் பேப்பர் தொலையக்கூடாது. ஒரு மணிக்குள்ள பி.டி. ரூம்ல குடுத்தாகோணும். இன்னைக்குத்தான் ஜோனல் போட்டிக்குப் பேர் அனுப்பறாங்க. என்ன எழுதப் போறீங்க?

புள்ளைக்குப் புடிச்சதையா? நல்லா இருக்குதுங்க நீங்க சொல்றது. விளையாடறதுக்காங்க விளையாட்டு? அப்பிடி நெனச்சுத்தான் நானும் வந்தேன், அந்தக் காலத்துல. இவ ஏழாவது படிக்கும்போது. இங்க விளையாட்டுங்கறது சர்டிபிகேட்டுங்க. ஸ்டேட் லெவல் ஆடுனேன்னு ஒரு பேப்பர் கையில இருந்தா, காலேஜ்ல விளையாட்டுக் கோட்டாவுல சீட்டுக்கு நிக்கலாம். மார்க்கு எல்லாரும்தான் வாங்கறாங்க. எங்க தெருவுல நாய்க்குட்டி கூட நானூத்தித் தொண்ணூறு வாங்குது. அதனால என்ன விளையாட்டுன்னு கேக்கக்கூடாது, எதுல கூட்டம் கம்மின்னு கேக்கோணும். பஸ் ஸ்டேண்டுல கூட்டமான வரிசையில நிப்பீங்களா, ஆளில்லாத வரிசையில நிப்பீங்களா? அவ்வளவுதானுங்க விசயம்.

கிரிக்கெட்டு, வாலிபால் எல்லாம் கிட்டயே போகக்கூடாது, ஊருக்கே தெரிஞ்ச விளையாட்டு. இங்க ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பேஸ்பால். இன்னொண்ணு லாக்ராஸ். பேஸ்பால் தெரியுமில்லைங்களா, ஒருத்தி பந்து எறிவா, ஒருத்தி உருட்டுக்கட்டையில அடிப்பா, அப்பறம் நாலு மூலைக்கும் சுத்தி ஓடுவாங்க. லாக்ராஸுன்னா ஒரு நீளக் குச்சி, முனையில குட்டியா ஒரு வலை. பந்த அந்த வலையில ஏந்திக்கிட்டே ஓடிப்போயி கோல் போடோணும். மொத மொத அந்தக் குச்சிய வாங்கிட்டு வந்தப்ப எங்க ஊட்டுக்காரரு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கோழி புடிக்கறதுக்கு நல்லா இருக்கும்னாரு. நெசமாவே ரெண்டு கோழி புடிச்சாருங்க அன்னைக்கு.

எம்பொண்ணு மொதல்ல பேஸ்பால்தான். பந்து எறியறவ. ஏழாவது, எட்டாவது ரெண்டு வருசமும் அதுதான் கதி. லீவுக்கு வந்தாக்கூட பண்ணைச் செவுத்துல சுண்ணாம்புல ஒரு வட்டம் போட்டு வெச்சு எறிஞ்சுக்கிட்டே இருப்பா. டொக்கு டொக்குன்னு அந்தச் சத்தத்துல கோழி முட்டையிடறது கொறைஞ்சு போச்சுன்னு அவங்கப்பா சொல்லுவாரு, ஆனா செவுத்த மட்டும் மறுபடி வெள்ளையடிக்க விடமாட்டாரு. நல்லாத்தான் எறியறான்னு பி.டி. மாஸ்டர் இருதயராஜ் சொன்னாரு. நல்லா எறிஞ்சு என்னங்க பண்றது? பேஸ்பாலுக்கு அறுபது புள்ளைங்க. எறியறதுக்கு இவளுக்கு முன்னால ஒருத்தி நின்னுட்டிருந்தா. சன்மிதா. பல் டாக்டர் மக. அவங்கம்மா சாரதாமணிதான் அங்க பாருங்க, அந்தக் கருப்புக் கார்ல ஏசியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. பாக்காதீங்க, பாக்காதீங்க. நாம பேசறது தெரிஞ்சுபோயிரும்.

போன வருசம் ஜூன் மாசம் லாக்ராஸ் ஆரம்பிச்சாங்க. ஜில்லாவுலயே மூணு ஸ்கூல்லதான் ஆடறாங்கன்னு ஆபீசு கிளார்க்கு வாய்தவறிச் சொன்னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலைங்க, சந்தோசத்துல. மூணே மூணு ஸ்கூலு! ஒரு மேட்ச்ல தோத்தாக்கூட மூணாவது பரிசு. அடுத்த நாளே வந்து எம்பொண்ண மாத்திட்டேன்.

அவ என்ன சொன்னாளா? ஒண்ணும் சொல்லலையே. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்லமாட்டா, தங்கமான புள்ள. அந்த பேஸ்பால் கையொறைய மட்டும் திருப்பிக் குடுக்காம வெச்சுக்கட்டுமான்னு கேட்டா. வெச்சுக்க, அது என்ன சோறா கேக்குதுன்னு சொல்லிட்டேன். அப்பறம் ஹாஸ்டல் வார்டன் கூப்புட்டுச் சொல்றாங்க, உங்க பொண்ணு தலகாணிக்கு அடியில கையொறைய வெச்சுக்கிட்டுத் தூங்குதுன்னு. ஹாஸ்டல்ல திருட்டு அவ்வளவு இருக்குதுங்க. உங்க பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க.

மொத ஒரு மாசம் லாக்ராஸ்ல பதினாலே பேருதான். சொர்க்கம். நான் வாயே தொறக்கல. விசிட்டிங்குக்கு வந்தா, உங்க பொண்ணு என்ன ஆடுதுன்னு கேப்பாங்க, ஏதோ ஆடுதுன்னு சொல்லிருவேன். ஆனா சாரதாமணிக்கு மூக்குல வேர்த்திருச்சு. ஜூலையில மகளக் கொண்டாந்து லாக்ராஸ்ல போட்டாங்க. டாக்டர் ஊட்டம்மாவே மாத்துறாங்கன்னா அதுல ஏதோ இருக்குதுன்னு அத்தன பேரும் பின்னாலயே வந்துட்டாங்க. ஒரே வாரத்துல முப்பத்தெட்டு பேரு! பேஸ்பால் கிரவுண்டு பாதி காலி. லாக்ராஸுக்குக் குச்சி பத்தாம ரெண்டு புள்ளைங்க தென்னங்குச்சிய வெச்சுக்கிட்டு நின்னுதுங்க. இதுக்காங்க நான் மாத்துனேன்?

என்ன பண்றது சொல்லுங்க. ஒரு தாயி என்னதான் பண்ணுவா?

குரூப் அட்மின் பிரேமகுமாரிகிட்ட மட்டும் சொன்னேன். வாட்ஸ்அப் குரூப்புங்க, பேரன்ட்ஸ் குரூப்பு. உங்களையும் சேத்துருவாங்க, தப்பிக்க முடியாது. போன் பண்ணி, அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்றாதீங்க, கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல லாக்ராஸ் ஆடி ஒரு புள்ளைக்கு முன்னால ரெண்டு பல்லு போயிருச்சாம், நல்லா லட்சணமான புள்ளையாம், நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வந்தா என்ன பண்ணுவாங்களோன்னு சொன்னேன். அவ்வளவுதானுங்க நான் சொன்னது. வெளிய விடாதீங்கன்னு மூணு தடவ சொன்னேன். பிரேமகுமாரிகிட்ட வெளிய விடாதீங்கன்னு சொல்றதும் ஒண்ணுதான், மைக் செட்டுக்காரன்கிட்ட குடுக்கறதும் ஒண்ணுதான். அன்னைக்குச் சாயங்காலமே எனக்கே அந்த சேதி திரும்பி வந்துது. ரெண்டு பல்லு நாலு பல்லு ஆயிருந்துது. தாடையும் விலகியிருந்துது. படிச்சுட்டு நானே ஒரு தடவ நாக்கால எம்பல்லத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

அடுத்த விசிட்டிங்குல பாக்கோணுமே. பி.டி. ரூம் வாசல்ல அம்மாமாருங்க வரிசையில நின்னு பேர வெட்டுனாங்க. எல்லாரும் திரும்ப பேஸ்பாலுக்கே. பதினஞ்சு பேரு மிஞ்சுனா போதும்னு நான் கணக்குப் போட்டேன். மிஞ்சுனது எத்தன தெரியுங்களா? ஒம்பது. அந்த ஒம்பதுல யாரு இருக்கக்கூடாதுன்னு நான் இத்தன பாடுபட்டனோ அவ இருக்கறா. சன்மிதா! அவங்கம்மாவுக்கு பயமே இல்லைங்க. வாசல்ல அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி சொல்றாங்க: “பல்லுதான போகும்? எங்க ஊட்டுக்காரரு கட்டிக் குடுத்துருவாரு. மத்தவங்களுக்கும் வேணும்னா கொறைச்சுப் போட்டுத் தரச் சொல்றேன்.”

வேலில போன ஓணான மடியில எடுத்து விட்டுக்கிட்ட கதைதான். ஒம்பது நல்ல நம்பர்தானேன்னு கேக்கறீங்க. லாக்ராஸுக்குப் பத்துப் பேரு வேணுமுங்க. பத்து! அது எனக்கு அப்பத் தெரியாது. எந்த விளையாட்டுக்கு எத்தன பேருன்னெல்லாம் நான் எதுக்குத் தெரிஞ்சுக்கறேன், கூட்டம் கம்மியாங்கறது மட்டும்தான பாத்தேன்.

செப்டம்பர்ல சேலத்துல ஜோனல். போனாப் பாத்துக்கலாம், கேட்டுப் பாக்கலாம்னு மாஸ்டர் ஒம்பது பேரையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாரு. நானும் போனேன், புளிசாதம் கட்டிக்கிட்டு. அங்க மேசையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, கெஞ்சிப் பாத்தோம். எண்ணுனாங்க. மறுபடி எண்ணுனாங்க. ஒம்பது பேருக்கு எடமில்லைன்னு பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நீங்க வேணும்னா வந்து நில்லுங்கம்மான்னு மாஸ்டர் என்னையப் பாத்துச் சொன்னாரு. சிரிப்பாச் சொன்னாரா கோவமாச் சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலைங்க.

அதோட விட்டிருந்தாப் பரவால்லைங்க. பக்கத்துக் கிரவுண்டுல எங்க ஸ்கூல் பேஸ்பால் டீமு ஆடிட்டிருந்துது. பேஸ்பாலுக்கு மறுபடி அறுபது பேரு ஆயிருந்தாங்களே தவிர, பந்து எறியறதுக்கு உருப்படியா ஒருத்தி கெடையாது. சன்மிதாவும் இங்க, எம்பொண்ணும் இங்க. குண்டு எறியற புள்ள ஒண்ணப் புடிச்சு நிறுத்தியிருந்தாங்க. அது பாவம், பந்தக் குண்டு மாதிரியே தூக்கிப் போடுது. எதிர் டீமுக்காரிக அடிச்ச அடியில பந்து ரோட்டுக்குப் போகுது. பெஞ்சுல இருக்கற புள்ளைங்க திரும்பித் திரும்பி எம்பொண்ணப் பாக்குதுங்க. தர்ஷிகா இருந்திருந்தான்னு மாஸ்டர் ஆரம்பிச்சாரு. இருந்திருந்தா என்ன பண்றது, லிஸ்ட்டுல பேரு இல்லையேன்னு நானே எடுத்துக் குடுத்தேன்.

எம்பொண்ணு கம்பிவேலியப் புடிச்சுட்டு நின்னா. கூப்புட்டேன், புளிசாதம் சாப்டுன்னேன், வரல. மேட்ச் முடியற வரைக்கும் அப்பிடியேதான் நின்னா. ஒவ்வொரு பந்துக்கும் அவ வலது கை மட்டும் லேசா ஆடுது. எறியற மாதிரி. திரும்பி வந்தப்ப ரெண்டு உள்ளங்கையிலயும் கம்பித் தடம் செவந்து கெடந்துது.

அன்னைக்கு எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சுங்க. ஒரு மாதிரி அழுகையா வந்துது. காலையில சாப்டாம கெளம்புனதால இருக்கும்.

சரி, போன கதைய விடுங்க. இந்த வருசந்தான் கடைசி. அரைப்பரிட்சைக்கு அப்பறம் கிரவுண்டுப் பக்கமே விடமாட்டாங்க. பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்துட்டா காலைல நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வெப்பாங்க, பந்தையெல்லாம் படத்துலதான் பாக்கோணும். இந்த வருசம் எம்பொண்ணு ஸ்டேட் போகலைன்னா, இந்த நாலு வருசமும் வீணு. அதனால ஒரு மாசமா நான் ஊடு ஊடாப் போன் பண்றேன். பல்லெல்லாம் போகாதுக்கா, அப்பிடி ஒரு புள்ளையே கெடையாதுக்கான்னு. ஒருத்தர் நம்பணுமே! குரூப்புல நானே எழுதுனேன், கேள்விப்பட்டது தப்புன்னு. உடனே பிரேமகுமாரி கேக்கறாங்க, ஸ்கூல்ல உங்களுக்கு ஃபீஸ் ஏதாச்சும் கொறைச்சாங்களான்னு. சாரதாமணி ஒரு வார்த்த எழுதல. பல்லக் காட்டிச் சிரிக்கற பொம்ம ஒண்ணு போட்டாங்க. நான் சொன்ன பொய்ய ஒரு சாயங்காலத்துல நம்பினாங்க. நான் சொல்ற உண்மைய ஒரு மாசமா நம்பமாட்டேங்கறாங்க. ஊரு அப்பிடிக் கெட்டுப் போச்சுங்க.

இன்னும் அதே ஒம்பதுதான். ஒரு ஆள் கொறையுது. ஒரே ஒரு ஆள்.

இப்பத்தான் உங்க போன்ல உங்க பொண்ணு உங்களோட நிக்கற போட்டோ தெரிஞ்சுதே, பாத்தேன். என்ன ஒசரம், என்ன கை நீளம்! அந்தக் குச்சிக்குன்னே பொறந்த புள்ளைங்க. பேஸ்பால்ல போட்டீங்கன்னா அறுபத்தி ஒண்ணாவது ஆளா வெயில்ல பந்து பொறுக்கோணும். இங்கன்னா மொத நாளே டீமு. மொத நாளே! எந்த ஸ்கூல்லயாவது இது நடக்குமா? உங்களப் பாத்தா எந்தங்கச்சி மாதிரி இருக்கறதாலதான் இத்தன சொல்றேன், இல்லைன்னா எனக்கென்ன வந்துது.

உங்க பொண்ணக் கேக்கோணுமா? எதுக்குங்க? அதுங்களுக்கு என்ன தெரியும். இந்தாங்க பேனா. அந்தக் கோட்டுக்கு மேல. லாக்ராஸ்னு தமிழ்லயே எழுதுங்க, பரவால்ல. கையெழுத்து இங்க. அவ்வளவுதான். அந்தா மாஸ்டரே போறாரு பாருங்க. சார்! சார், ஒரு நிமிசம்! இந்தாங்க, பத்தாவது ஆள் வந்தாச்சு!

என்னங்க இவரு, பேப்பர வாங்கிட்டு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாரு? சந்தோசமா ஒரு வார்த்த சொல்றாரா பாருங்க. நல்லது பண்ணுனா இந்தக் காலத்துல இப்பிடித்தான்.

பெல் அடிச்சிருச்சு. இனி வந்துருவாங்க. நீங்களும் கேரியர எடுத்து வைங்க. எம்பொண்ணு எப்பவும் கடைசியாத்தான் வருவா, தலையக் குனிஞ்சுக்கிட்டு, மெதுவா நடந்து. இன்னைக்கு அவளுக்கு நல்ல சேதி சொல்லிச் சோறு போடோணும்.

அட, இதென்ன ஓடி வர்றா? வா சாமி, வா. மெதுவா வா. ஏங்க, இவதான் தர்ஷிகா. கண்ணு, இந்த ஆன்ட்டி தாராபுரம், இவங்க பொண்ணு உங்க டீமுக்கு வருது. பத்துப் பேரு ஆயாச்சு. அம்மா சொன்னனா இல்லையா, எப்பிடியாச்சும் ஆளப் புடிச்சுருவேன்னு. ஏன் முழிக்கற? கையில என்ன அது, அந்தப் பழைய கையொறையா? அத எதுக்கு இப்ப மாட்டிக்கிட்டு வர்ற?

என்ன?

கேட்டீங்களா என்ன சொல்றான்னு? பேஸ்பாலுக்குப் பேர் குடுத்துட்டேங்கறா. காலையிலயேங்கறா. பெத்தவங்க கையெழுத்து வேணுமே, யாரு போட்டா? அப்பாவா? எப்ப? போன விசிட்டிங்குல... ஆமா, நான் கல்யாணத்துக்குப் போயிட்டேன், அவரு மட்டும்தான் வந்தாரு. வந்தவரு பொரிகடலையக் குடுத்துட்டு வந்தேன்னு சொன்னாரே தவிர இதச் சொன்னாரா? அதுதான் மாஸ்டர் என்னைய அப்பிடிப் பாத்துட்டுப் போனாரா?

கண்ணு, அங்க அறுபது பேரு. உன்னைய எடுக்கலைன்னா? இது கடைசி வருசம், சர்டிபிகேட்டு வராது, தெரியுமில்ல? யோசிச்சியா?

என்ன சொல்றா பாருங்க. “வராட்டிப் போவுதும்மா. பெஞ்சுல உக்காந்தாக்கூட அங்கதாம்மா உக்காரோணும்”ங்கறா. எங்கிட்டச் சொல்றா. எதுத்து ஒரு வார்த்த பேசாத புள்ள.

ஏங்க, நீங்க எங்க எந்திரிச்சு ஓடறீங்க? மாஸ்டர்கிட்டயா? பேப்பர வாங்கறதுக்கா? இருங்க, அவசரப்படாதீங்க, சின்னது ஒண்ணு இருக்குதுன்னீங்களே, அதையும்... சரி, போங்க. போங்க. உங்க பொண்ணையும் ஒரு வார்த்த கேட்டுட்டே எழுதுங்க. நான் கேக்கல.

உக்காரு சாமி. கையக் கழுவிட்டு வா, கோழிக்கொழம்பு வெச்சிருக்கறேன். எதுக்கு இளிக்கற? திட்டுவேன்னு நெனச்சியா? அந்தக் கையொறையக் கழட்டிட்டுச் சாப்டு.

ஒரு வருசம் ஆச்சுங்க, இவ சிரிச்சு. பல்லெல்லாம் பத்திரமாத்தான் இருக்குது.